மார்க்கையன்கோட்டை ஓட்டப் பந்தயமும் என் மகனும்

இங்கே ஒரு பெடியனுக்கு என்ன வயது என்று கேட்டால், அவன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார்கள். மாட்டுவண்டிப் பந்தயத்துக்குக் காளைகளை அப்படித்தான் தரம் பிரிப்பார்களாம். நான் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டப் போட்டிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருக்க, உதவிக்கு வந்த மார்க்கையன்கோட்டை முத்துக்கருப்பன் பெடியன்களை வரிசையாக நிறுத்தி, ஈறை விரலால் தூக்கிப் பார்த்து, "இது பால்பல்லு, சின்ன ஓட்டத்துல விடுங்க வாத்தியாரய்யா" என்கிறார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்த தேதி சொல்ல ஒரு தகப்பனுக்கும் தெரியாதபோது நான் வேறு என்னத்தைச் செய்ய?

மிஷன் பள்ளிக்கு ஆசிரியனாக நான் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தபோது என் மகன் சவிரி கைக்குழந்தை. இன்று பன்னிரண்டு வயது. கோவில் தெருப் பிள்ளைகளும் குடியானவர் பிள்ளைகளும் ஒரே கோட்டில் நின்று ஓட வேணும் என்பது என் ஆசை. பள்ளியை நடத்தும் பாதிரிச் சாமியார், "அடிதடி வந்தால் இதுவே கடைசி" என்று சொல்லித்தான் மைதானத்தைத் தந்தார். மலைமேல் அணை கட்டும் வேலைக்குப் பாதி ஊர் ஏறிவிட்டது. மிச்சமிருந்தவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஓடைப்பட்டி, தேவாரம், மார்க்கையன்கோட்டை மூன்று ஊரிலிருந்தும் கூலியில்லாத உதவியாளர்களாகச் சேர்த்தேன்.

பெயர் எழுதும்போதே சவிரி வந்து நின்றான். "அப்பு, எல்லாரும் ஊர்ப் பேருல ஓடுறாக. நான் எந்த ஊரு?" ஊர் எழுத வேண்டிய இடத்தில் 'பள்ளிக்கூடம்' என்று எழுதினேன். அவன் முகம் செத்துப் போயிற்று. திரும்பிப் போய்விட்டான்.

எங்கள் ஊரில் நான் படித்த பள்ளியில் போட்டி நடந்தால் கயிறு கட்டுவார்கள். பெற்ற தகப்பனென்றாலும் கயிற்றுக்கு வெளியேதான். ஓடுகிறவன் தனியே ஓடுவான், விழுந்தால் தனியே எழும்புவான், ஜட்ஜ் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அதுதான் நியாயம் என்று என் தலையில் ஆணியடித்தது போல் இருக்கிறது. இங்கே நான் தலைகீழாக நின்று தண்ணி குடித்தாலும் அது ஏறவில்லை. பந்தயக் காளையோடு ஆள் கூடவே ஓடி, சத்தம் கொடுத்து, முதுகில் தட்டி விரட்டுவது இவர்கள் வழக்கம். கோட்டருகே காவலுக்கு நான் நிறுத்திய ஆட்களே, விசில் ஊதியதும் காவலை விட்டுவிட்டு, அவரவர் ஊர்ப் பெடியனோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். முதல் ஓட்டத்தில் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் ஓடினார்கள். ஐயோ, எனக்கு வந்த ஆத்திரம்!

தொண்டை கட்டக் கட்டக் கத்தினேன். "கூட ஆள் ஓடினால் அந்தப் பெடியன் தள்ளுபடி!" சொன்னபடி ஓடைப்பட்டிப் பெடியன் ஒருவனைத் தள்ளுபடி செய்தேன், பிறகு தேவாரத்துப் பெடியனை. இரண்டு ஊரும் முறைத்தன. "பிள்ளை ஓடுனா நாங்க கல்லு மாதிரி நிக்கணுமா?" என்று கேட்டார்கள். நிற்கத்தான் வேணும் என்றேன். எப்படியோ அடங்கினார்கள்.

அடுத்தது சவிரியின் ஓட்டம். முடிவுக் கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை முத்துக்கருப்பன். பாதித் தூரத்தில் சவிரி முந்தினான். சனம் அவரவர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் பெயரைச் சொல்ல ஒரு குரல் இல்லை. எனக்கும் வாய் வரவில்லை, நான் ஜட்ஜ் அல்லவா. அப்போது முத்துக்கருப்பன் கயிற்றைப் போட்டுவிட்டு எதிரே பாய்ந்தார். "ஏலே சவிரி, விட்றாதலே! நம்ம கோட்டைப் பயடா!" கூடவே ஓடி, முதுகில் தட்டி, கோடு வரை கொண்டுவந்து சேர்த்தார். மார்க்கையன்கோட்டைச் சனம் முழுக்க அவன் பெயரைக் கத்தியது.

ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வாத்தியார் மகனுக்குன்னா வேற சட்டமாய்யா?"

தள்ளுபடி என்று சொன்னேன்.

முத்துக்கருப்பனுக்கு மூச்சு வாங்கியது, கோபம் வேறு. "பிள்ளை நாதியத்தவன் மாதிரி தனியா ஓடி வாறான். பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீகளா?"

"அவனுக்கு நான் இருக்கிறேன்" என்றேன்.

"எங்கன இருந்தீக? கயித்தப் பிடிச்சுக்கிட்டுல்ல நின்னீக!"

ஒரு ஊர் என் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல இத்தனை வருஷம் காத்திருந்தவன் நான். அப்படிச் சொன்ன வாய்க்கு நான் கொடுத்தது தள்ளுபடி. நியாயம் என் பக்கம்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். அந்த நியாயத்தைத் தூக்கி உடைப்பில் போட்டால் என்ன என்றும் இருந்தது.

என் தீர்ப்பை மார்க்கையன்கோட்டைக்காரர்கள் கணக்கில் எடுக்கவில்லை. சவிரிக்குத் தலைப்பாகை கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்கள். அவன் மேலிருந்து திரும்பி, "அப்பு, நீங்களும் வாங்க!" என்று கூப்பிட்டான். சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டான். போக வேணும் போலத்தான் இருந்தது. அடுத்த ஓட்டத்துக்குப் பெடியன்கள் கோட்டில் வந்து நின்றுவிட்டார்கள். கயிற்றின் ஒரு முனை என் கையில் இருந்தது. மற்ற முனை முத்துக்கருப்பன் போட்ட இடத்தில் புழுதியில் கிடந்தது, பிடிக்க ஆளில்லை.