சல்பியாவின் பச்சைத் திரை

கூடத்தில் ஏதோ தொப்பென்று விழுந்தது. அடுக்களையில் பானைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த சல்பியாவின் கை அப்படியே நின்றது.

"அல்லாவே! என் திரை!"

ஒத்தாசைக்கு வந்திருந்த எதிர்வீட்டுக்காரி நானும் வெங்காயக் கத்தியோடு பின்னால் ஓடினேன். கம்பியும் பச்சைத் திரையும் தரையில் கிடந்தன. சுவரில் ஒட்டியிருந்த கொக்கிகள் பெயின்ட்டையும் பிய்த்துக்கொண்டு விழுந்திருந்தன. சன்னலுக்கு மேலே இரண்டு வெள்ளைப் புண்கள். காலையிலிருந்து கெத்துப்பாட் ஓலைப்பொதிச் சோறு வெந்த ஆவி, அந்தச் சின்ன வீட்டை நிறைத்துப் பசையை இளக்கிவிட்டிருந்தது.

விடிந்தால் நோன்புப் பெருநாள். அன்று புதுத் திரை தொங்காத மலாய்க்காரர் வீடு எங்கள் ஈப்போ அடுக்குமாடியில் கிடையாது. பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ நூடுல்ஸ் வறுக்கும் சல்பியா, கல்யாணமான நாளாய் மைத்துனர் வீட்டுப் பின்னறையில் வாழ்ந்தவள். அந்த அறைக்குச் சன்னலே கிடையாது. வருடா வருடம் ஓரகத்தியின் சன்னல்களுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டு, அந்த இருட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வாள். இந்த வாடகை வீட்டில்தான், அவளுக்கென்று ஒரு சன்னல் வாய்த்திருந்தது.

"பக்கத்து வீட்டுல டிரில் இருக்கு. ரெண்டே ரெண்டு ஓட்டை!" என்றார் அவள் கணவர் டஹ்லான்.

"ஓட்டை போட்டுட்டு எங்க போய்ப் படுப்பீங்க பாங்? உங்க அண்ணன் வீட்டுலயா? செவுத்துல ஒரு கீறல் விழுந்தாலும் மறுநாளே காலி பண்ணணும்னு சொல்லித்தானே மேடம் யாப் சாவியைக் குடுத்தாங்க!"

கதவு தட்டப்பட்டது.

"சல்பியா! நான்தான் லா!"

வீட்டுக்கார மேடம் யாப்பேதான். டஹ்லான் ஒரே தாவலில் ஸ்டூலில் ஏறி, கம்பியோடு திரையைத் தூக்கிச் சுவரில் அழுத்திக்கொண்டார்.

குவே காப்பிட் பிஸ்கட் டின்னோடு உள்ளே வந்த மேடம் யாப், சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார். "நாளைக்கு மக வீட்டுக்குப் போறேன். அதான் இன்னைக்கே குடுத்துட்டுப் போலாம்னு. ஏன் உன் புருஷன் மேலயே நிக்கிறாரு?"

"நேரா... இருக்கான்னு பாக்கறேன் ஆண்ட்டி," என்றார் டஹ்லான். கடைசி நோன்பு, வெறும் வயிறு. திரை அவரோடு சேர்ந்து ஆடியது.

"அழகா இருக்கு. செவுத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

'இல்லை' என்று ஒரு சொல் போதும். சல்பியா என்னைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன.

"நோன்பு வச்ச வாயால பொய் சொல்லமாட்டேன் ஆண்ட்டி. கையை எடுங்க பாங்."

"சல்பியா..."

"எடுங்கன்னு சொல்றேன்ல!"

திரை சரிந்தது. மேடம் யாப் எழுந்து, சுவரை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஐயோ, போன வருஷம் அடிச்ச பெயின்ட்!"

"நானே அடிச்சுத் தரேன் ஆண்ட்டி. திரையைக் கிரில்லுலயே கட்டிக்கிறேன், செவுத்தைத் தொடமாட்டேன். இந்தச் சன்னலை விட்டு மட்டும் என்னை அனுப்பிடாதீங்க."

மேடம் யாப் குனிந்து திரையை எடுத்து, மடிப்புகளைப் புரட்டினார்.

"நீயே தச்சியா?"

சல்பியா தலையை மட்டும் ஆட்டினாள்.

"கயிறு கொண்டா. நீ அந்த முனையப் பிடி. உன் புருஷன் உக்காரட்டும், விழுந்து வைக்கப்போறாரு."

கிரில்லின் மேல் கம்பியில் திரையை வளையம் வளையமாகக் கட்டினோம். மாலை வெயில் பட்டுக் கூடமே பச்சையானது. மேலே அந்த இரண்டு புண்களும் பளிச்சென்று தெரிந்தன.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மேடம் யாப் திரும்பிப் பார்த்தார்.

"பெயின்ட் டின் என் வீட்டுலயே இருக்கு, வந்து எடுத்துக்கோ. திரை நீளம் ஜாஸ்தி லா, தரையைக் கூட்டுது. அடுத்த பெருநாளுக்கு ஒரு சாண் குறைச்சுத் தை."

அடுத்த பெருநாள்! சல்பியா வாயைப் பொத்திக்கொண்டு விம்ம, டஹ்லான்தான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.