அடுப்பு முன்னால் ஒரு ஸ்வெட்டர்

எங்கள் பேக்கரி மாஸ்டரை எல்லோரும் ஸ்வெட்டர் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ரொட்டி அடுப்புக்கு முன்னால் நிற்கிற மற்றவர்களுக்கு வேர்வை ஆறாக ஓடும். இவருக்குப் பல் தந்தியடிக்கும். கழுத்துவரை ஸ்வெட்டர், காதைச் சுற்றி மப்ளர். அவர் என் அக்கா புருஷன். கல்லாவில் உட்கார்ந்து அவருக்காகத் திட்டு வாங்குகிறவன் நான்.

தைராய்டு குறைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்து வெகு நாளாகிவிட்டது. ரத்தம் சோதிக்கும்போதெல்லாம் அளவு சரியில்லை என்றே வரும், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். மாமாவோ நின்றபடியே தூங்கினார். போட்ட உப்பை மறந்து மறுபடியும் போட்டார். நாக்கும் மந்தமாகிவிட்டதால் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். எங்கள் பன்னைத் தின்றவர்கள் நேராகக் கல்லாவுக்கு வந்தார்கள்.

முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ உப்பு ஏறுச்சுன்னா வேற மாஸ்டரப் பாத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு இதை விட்டால் வேறு வேலை தெரியாது.

"மாத்திரைய வெறும் வயித்துலதான போடுறீங்க?" என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் மாமா சத்தியம் பண்ணாத குறையாக ஆமாம் என்பார். மனசறிந்து சொன்ன பொய் இல்லை அது.

ஒரு விடிகாலை அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க அக்கா பேக்கரிக்கு வந்தாள். மாமா மாத்திரையை விழுங்கினார். கையோடு சூடான பன்னைப் பிய்த்து வாயில் போட்டார். அடுத்து கேக்கின் ஓரம், ஒரு விரல் க்ரீம், பால் நன்றாக இருக்கிறதா என்று அரை டம்ளர் பால்.

"என்ன பண்றீங்க?"

"ருசி பாக்குறேன்."

"டாக்டர்கிட்ட வெறும் வயிறுன்னு சொன்னீங்களே."

"வெறும் வயிறுதான். இன்னும் ஒண்ணும் சாப்பிடலையே."

"அப்ப இது?"

"இது வேலைடி."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பேக்கரியில் நாங்கள் யாருமே அதைச் சாப்பாட்டில் சேர்த்ததில்லை.

அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாத்திரை போட்டா ஒரு மணி நேரத்துக்குத் தண்ணி தவிர எதுவும் கூடாது. பாலும் பன்னும் கூடப் போனா அது உடம்புல ஒழுங்கா சேராது" என்றவர், கூட்டிய மாத்திரையைக் குறைத்து எழுதி, சில வாரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொன்னார்.

அதுமுதல் அந்த ஒரு மணி நேரம் ருசி பார்ப்பது அக்காவின் வேலையானது. மாமா கையைக் கட்டிக்கொண்டு அவள் வாயையே பார்ப்பார்.

"உப்பு?"

"கொஞ்சம் பொறுங்க, முழுங்கிட்டுச் சொல்றேன்."

அளவு ஒருவழியாகச் சரியாக வந்தது. சோதனை முடிவு கைக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் அடுப்பைத் திறந்த மாமா பின்வாங்கி, "என்னடி இது, இப்படிக் கொதிக்குது" என்று ஸ்வெட்டரைக் கழற்றினார். அடுப்பு சுடுகிறது என்று புருஷன் சொன்னதற்கு அழுத பெண்டாட்டி உலகத்திலேயே என் அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதலாளி வந்து ஒரு பன்னை முழுசாகத் தின்றார்.

"வேற மாஸ்டர் வேணாம். ஆனா ருசி மட்டும் இவங்களே பாக்கட்டும். இப்பத்தான் பன்னு பன்னு மாதிரி இருக்கு."

மாமா ஸ்வெட்டரை ஒழுங்காக மடித்து அக்கா கையில் வைத்தார்.

"இந்தா, இதையும் நீயே போட்டுக்க."