படபடப்பு என்னும் ஒரு சொல்

படபடப்பு என்ற சொல் அஞ்சும் மனத்துக்கும் பொருந்தும். விரைந்து துடிக்கும் நெஞ்சுக்கும் பொருந்தும். இவ்விரு பொருளையும் பிரித்தறியச் சோம்பிய மருத்துவர்கள்மீது என் சினம் இன்றளவும் தணியவில்லை.

வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டும் பெண்ணொருத்தி, சென்ற ஆண்டு ஒரு முற்பகலில், கணவனுடன் என் மருத்துவமனைக்கு வந்தாள். கையில் மூன்று பழைய இதய மின்வரைபடங்கள். மூன்றும் படபடப்பு நின்றபின் எடுக்கப்பட்டவை. ஆகவே மூன்றும் இயல்பானவை. அவற்றைச் சான்றாகக் கொண்டு, முன்பு பார்த்த மருத்துவர்கள் ‘மனப்பதற்றம்’ என எழுதி, ஈராண்டுகளாக உறக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

“இவளுக்குப் பயந்த சுபாவமுங்க. பல்லி உழுந்தாலே படபடன்னு வந்துருமுங்க,” என்றான் கணவன்.

“பல்லியக் கண்டா ஊட்ட உட்டு ஓடறது நீங்க,” என்றாள் அவள், மூச்சிரைப்பினூடே. பிறகு என்னைப் பார்த்து, “சுவிட்சப் போட்டாத் தறி ஓடுமில்லீங்க, அப்படித்தான் ஆரம்பிக்குது. நிக்கறப்பவும் பட்டுனு நின்னுருது. இப்ப ஓடிட்டேதான் இருக்குதுங்க,” என்றாள்.

உடனே வரைபடம் எடுத்தோம். நிமிடத்துக்கு நூற்றெண்பது துடிப்பு. கருவி தானாகவே மேலே அச்சிட்ட முடிவு, ‘சைனஸ் டாக்கிகார்டியா’. அதாவது, அச்சத்திலும் காய்ச்சலிலும் எவர் நெஞ்சும் கொள்ளும் விரைவு. அவ்வரியோடு நிறுத்தியிருந்தால் நானும் அதே பிழையைச் செய்திருப்பேன். கோடுகளைப் படித்தேன். ஒவ்வொரு கூர்முனைக்கும் முன்னே நிற்கவேண்டிய சிற்றலை எங்கும் இல்லை. அச்சத்தால் எழும் துடிப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இங்கோ இம்மியும் பிசகாத இடைவெளி. நெஞ்சின் மின்னோட்டம் குறுக்குவழியொன்றில் சிக்கிச் சுழன்றுகொண்டிருந்தது.

அச்சுழற்சியை முறிக்க, ஊசி கழற்றிய பீச்சுக்குழலுக்குள் அவளை விசையோடு ஊதச் செய்து, உடனே மல்லாக்கக் கிடத்திக் கால்களை உயர்த்தினோம். திரையில் ஒரு கணம் வெறுங்கோடு. பின் இயல்பான துடிப்பு.

“நின்னுருச்சுங்க,” என்றாள். “அப்ப இத்தன நாளா இது நான் பயந்துக்கிட்டதால வந்தது இல்லீங்களா?”

“இல்லையம்மா. இது நோய்.”

“டாக்டருங்கதானுங்களே எழுதிக் குடுத்தாங்க,” என்று முணுமுணுத்தான் கணவன்.

“எழுதுனாங்க. நான் சொன்னத ஒருத்தரும் முழுசாக் கேக்கலீங்க. அந்த மாத்திரயத் தின்னுட்டுத் தறிகிட்டத் தூங்கித் தூங்கி உழுந்தனே, கை மாட்டியிருந்தா யாருங்க பதில் சொல்லுவாங்க?”

விடை சொல்லவேண்டியவர் எவரும் அவ்வறையில் இல்லை. தொழிலால் அந்த மருத்துவர்களுக்கு உறவினனான நான், அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க இயலாமல், சேலத்து இதயநோய் வல்லுநருக்கு மடல் எழுதத் தொடங்கினேன்.