கண்ணாடிப் பெட்டியில் வெள்ளைப் பூச்சி

கலியாணம் முடிந்த மூன்று வருடத்தில் என் மனுசன் எனக்கு எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு கொப்பியின் தடிப்புக்கூட வராது. அவர் கொழும்புக் கந்தோரில் கிளாக்கர். நான் இறுப்பிட்டியில், சீதன வீட்டில். "சுகம். வேலி அடைப்பிச்சாச்சோ?" அவ்வளவுதான் கடிதம். வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை லீவில் வந்தபோது ஒரு கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். கந்தோர்த் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்ததாம். உள்ளே மண், பாசி, சீப்புப்போல இலை விரிகிற மலைநாட்டுப் பன்னச் செடி. மேலே ஒரு மூடி. "கவனமாய்ப் பாரும். உவர்த் தண்ணி விடக்கூடாது" என்றார். எங்கள் கிணறோ உவர். குடிக்கிற தண்ணீரையே நான் அரைக் கட்டை தூரம் நடந்துபோய்ச் சுமந்து வருகிறவள். அதில் பன்னத்துக்கும் பங்கு வைத்தேன்.

மாரி தொடங்கியதும் அந்த மண்ணில் வெள்ளையாய் ஏதோ ஊர்ந்தது. உழுந்தின் கால்வாசிகூட இல்லை; விரலை வைத்தால் துள்ளியது. ஐயோ, பன்னம் பட்டுப்போனால் மனுசன் என்னைக் கொன்றுபோடுவாரே என்று பயந்து எழுதினேன். ஒரு கிழமைக்குள் பதில் வந்தது. இரண்டு தாள், இரண்டு பக்கமும்! உருளைக்கிழங்குத் துண்டை மண்ணில் வை, பூச்சி அதில் ஏறும், காலையில் எடுத்து எறி என்று விளக்கமாய் எழுதி, கடைசியில், "பூச்சி உம்மைக் கடிச்சதோ?" என்று கேட்டிருந்தார். அந்த ஒரு வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கிழங்கு வைத்துப் பத்து நாளில் ஒரு பூச்சியும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பூச்சி பெருகிவிட்டது என்று எழுதினேன். மூன்று தாள் வந்தது. அடுத்த கடிதத்துக்குச் சின்ன நத்தை ஒன்றைப் படைத்தேன். அதற்கடுத்ததற்குச் சிவப்பு அட்டை. வேர் அழுகுகிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். வெட்கம் கெட்டவள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். கட்டின புருசனிடம் பூச்சியைக் காட்டித்தான் நாலு வார்த்தை வாங்க வேண்டியிருந்தது.

சித்திரை வருசத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றியவர் என் முகத்தைப் பாராமல் நேரே பெட்டியடிக்குப் போனார். பன்னம் பச்சைப் பசேலென்று நின்றது. மூடியைத் திறந்து மண்ணைக் கிண்டிப் பார்த்தார்.

"ஒண்டையும் காணேல்லையே?"

"எல்லாத்தையும் பிடிச்சு எறிஞ்சனான்."

"நல்லகாலம், தப்பியிருக்கு. உமக்கு இது பாக்க ஏலாது. நான் கொண்டுபோறன்."

எல்லாம் பொய் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஏன் பொய் சொன்னீர் என்று கேட்டால் என்ன சொல்வது? விழுங்கிக்கொண்டேன்.

லீவு முடிந்து போகிற காலையில் பெட்டியைச் சுற்றி என் பழஞ்சேலையை வைத்துக் கட்டினார். பஸ்ஸுக்கு நிற்கும்போது, பொறுக்க ஏலாமல் கேட்டுவிட்டேன்.

"என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"அங்கை வந்து என்ன செய்யப்போறீர்? காலமை கந்தோருக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவன். உம்மை ஆர் பாக்கிறது?"

"அப்ப உந்தப் பெட்டியை ஆர் பாக்கிறது?"

"அதுக்கென்ன, கந்தோரிலை என்ரை மேசையிலை வைப்பன். நாள் முழுக்கக் கண்ணுக்கு முன்னாலை இருக்குமல்லோ" என்றார் சந்தோசமாக.

பஸ் வந்தது. அவர் ஏறி இருந்தபிறகு பெட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தது நான்தான்.