‘வர்றேனுங்க’ என்றார் இஸ்மாயில் பாய்

நம் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. "நம்ம இஸ்மாயில் பாய் தவறிட்டாருங்க. மதியத் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." குழாய், மோட்டார், பூட்டு, தகரக் கூரை என்று ஏற்காட்டில் எது கெட்டாலும் நாம் கூப்பிட்ட மனிதர். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். போட்ட கை கூசியது.

வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் குரங்குகள் திறந்துவிடும். பாய் கம்பியால் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். "ஒரு வாரமுங்க. அதுக்குள்ள அதுங்க கத்துக்கும். அப்புறம் நான் வேற முடிச்சு கத்துக்கோணும்" என்றார். எதைக் கேட்டாலும் "கழட்டிப் பார்த்தாத்தானுங்க தெரியும்" என்பார். நான் கழற்றிப் பார்க்காமலே பேசுகிற ஆள்.

போன மழைக்காலத்தில் அந்தத் தொட்டியிலிருந்து வரும் குழாய் உடைந்தது. சேறு உள்ளே வராமலிருக்க வீட்டு வால்வை மூடிவிட்டுப் பாய்க்குப் போன் செய்தேன். காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். மறுநாள் பதினோரு மணிக்கு அவரே கூப்பிட்டார். மூடுபனியில் சிக்னல் விட்டு விட்டு வந்தது, காதில் விழுந்தது ஒரே சொல், "வர்றேனுங்க." சாயங்காலம் வரை காத்திருந்தேன். திரும்பக் கூப்பிட்டால் கிடைக்கவில்லை. மகளின் மாமியார் வீட்டார் வேறு வந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் குடம் சுமந்ததில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. குழுவில் எழுதினேன்: "பாயை நம்ப வேண்டாம். வர்றேன் என்பார், வரமாட்டார்." முப்பது வருடம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவன் எழுதினால் ஊர் நம்பும்.

மறுநாள் மேட்டில் ஏறிப் பார்த்தேன். குழாயில் புது இணைப்பு, பசைகூடக் காய்ந்திருந்தது. இறங்கி வந்து வால்வைத் திறந்தேன், தண்ணீர் வந்தது. வேலையை முடித்துவிட்டு, அடுத்த வேலைக்குப் போகிற அவசரத்தில் மேலேயிருந்தே விடைபெற்றிருக்கிறார். நம் ஊரில் யார்தான் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்?

குழுவில் திருத்திப் போட்டிருக்கலாம். இரண்டு வரிதான். விருந்தாளிகள் முன் அவ்வளவு கத்திவிட்டு எப்படி இறங்கி வருவது என்று விட்டுவிட்டேன். உங்களில் பலர் சேலத்திலிருந்து ஆள் வரவழைக்கத் தொடங்கினீர்கள். பாய் வேலை தேடி நாகலூருக்குப் பஸ் ஏறினார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். குழுவில் நான் எழுதியதை அதற்கு முன்பே அவர் மகன் அவரிடம் காட்டியிருந்தானாம், பிறகு கேள்விப்பட்டேன்.

"ஏனுங்க ரைட்டரே, தண்ணி நல்லா வருதுங்களா?"

"வருது பாய்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அந்தக் கேள்விதான் அவருடையதாக என்னிடம் இருக்கிறது. அதில் குத்தல் இல்லை. குழாயைப் பற்றி மட்டும்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. தெருக்காரர்களே, அன்று எழுதியதை இப்போது திருத்துகிறேன். பாய் வந்திருந்தார்.