ரேடியோவின் நாற்காலி

அந்தத் தெருவே அவரை ரேடியோ என்றுதான் கூப்பிடும். சலூனில் கத்தரி ஓட ஆரம்பித்தால் வாயும் ஓட ஆரம்பித்துவிடும். சில சமயம் அந்த வாய் நிற்கவே நிற்காது. தூக்கம் போய்விடும், ஒரே வாரத்தில் கடைக்கு இரண்டு தடவை வண்ணம் அடிப்பார். வேறு சில மாதங்களில் வாயே திறக்கமாட்டார். "ரேடியோ ரிப்பேர்" என்று வாடிக்கையாளர்கள் சிரித்துக்கொண்டே கழுத்தைக் காட்டுவார்கள். கழுவிய பிரஷ்ஷைக் கழுவினோமா என்று சந்தேகப்பட்டுத் திரும்பத் திரும்பக் கழுவுவார். "என்ன சுத்தம்யா இந்த ஆளு!" என்று அதையும் மெச்சினார்கள்.

போன மழைக்காலத்தில் கடை நடுவிலேயே மூச்சு முட்டி, இதோ செத்துவிடப் போகிறோம் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் முடி வெட்டிக்கொண்டிருந்த தம்பிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. மனநல டாக்டர் விசாரித்து விசாரித்து மூன்று பெயர்களைச் சொன்னார்: பைபோலார், ஓசிடி, பேனிக். வாய் ஓடுவதும் ஓய்வதும் முதலாவது, கழுவிக் கழுவிப் பார்ப்பது இரண்டாவது, மூச்சு முட்டியது மூன்றாவது.

"பள்ளிக்கூடத்துல ஒரு பரிசுகூட வாங்கினதில்ல. இங்க மூணும் எனக்கேவா?" என்றார் ரேடியோ. டாக்டரே சிரித்துவிட்டார்.

தெரு சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? ரேடியோ வேலைக்குத் திரும்பியபோது தம்பியின் நாற்காலிக்குக் கூட்டம் காத்திருந்தது. இவர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளைக்குக் கத்தி வேணாம்ணா," என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி. "கூட்டிப் பெருக்கு, கல்லாவுல உட்காரு. வேற ஆள் பாத்திருக்கேன். திங்கக்கிழமை வரான். உன் நாற்காலிய அவனுக்குக் குடுத்துடலாம்."

ரேடியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? அவர் தன் காலில் நின்ற இடமே அந்த நாற்காலிக்குப் பின்னால்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடை நிறைந்திருந்தது. ரேடியோ கத்தியில் புது பிளேடு மாட்டினார். "யாருக்கு ஷேவிங்?" என்றார். ஒருத்தரும் அசையவில்லை. மருந்துக்கடைக்காரர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"பேப்பர இறக்குங்க சார். எத்தன வருஷமா எங்கிட்ட வரீங்க?"

"அது... பத்துப் பதினஞ்சு இருக்கும்."

"அத்தன வருஷமும் இந்த மூணும் எனக்கு இருந்துச்சு. மருந்துதான் இல்ல. ரெண்டு நாளாத் தூங்காம நின்னு உங்க தொண்டைல கத்தி வெச்சிருக்கேன். அப்போ குறட்டை விட்டீங்க. இப்போ மருந்து சாப்பிடறேன், ஒழுங்காத் தூங்கறேன். இப்பத்தான் பயம் வந்துச்சாக்கும்?"

"அதில்லப்பா... அந்த மாத்திரைக்குக் கை நடுங்கும்னு..."

"நடுங்கும். சில நாள் காலைல நடுங்கும். அன்னைக்கு நானே கத்தியத் தொடமாட்டேன். அத நான் சொல்லுவேன், நீங்க சொல்லக்கூடாது." எல்லார் முகத்துக்கு நேராகவும் கையை நீட்டினார். அத்தனை கோபத்திலும் அது ஆடவில்லை.

"சரி, முழுசாக் குணமாயிடுச்சுல்ல?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் சமாதானமாகக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவரே எழுந்து வந்திருப்பார்.

"இல்ல. பொய் சொல்லி யாரையும் உட்கார வெக்கமாட்டேன். மறுபடியும் வரும். வந்தாப் படுப்பேன். எந்திரிச்சா இங்கதான் வருவேன்."

தம்பி கத்தரியைக் கீழே வைத்தான். பாதி வெட்டிய தலையோடு ஒருவர் கண்ணாடியில் விழித்துக்கொண்டிருக்க, அவன் நடந்து வந்து அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"பயமா இருந்தாச் சொல்லுடா."

"பயமாத்தாண்ணா இருக்கு. நீ பண்ணு."

"எனக்கும்தான்டா. ஆடாம உட்காரு," என்று நுரையைத் தடவி, தம்பியின் காதுக்குக் கீழே கத்தியை வைத்தார் ரேடியோ.