ரொஷானி அக்கா காட்ட மறுத்த இடம்

மகளுக்குப் பாண் துண்டைப் பாலில் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தபோது ஃபாரூக் நானா அழைத்தார். புத்தளத்தில் நான் வேலை செய்யும் சிறிய மென்பொருள் நிறுவனத்தின் முதலாளி அவர். விடுமுறை நாளில் அழைக்கிறவர் அல்ல. “தங்கச்சி, ரொஷானி மவுத்தாகிட்டாங்க” என்றார். என்னோடு வேலை செய்த ரொஷானி அக்கா டெங்குக் காய்ச்சலில் இறந்துவிட்டார். “நேத்துத்தானே மெசேஜ் போட்டாங்க, நல்லா இருக்கிண்டு சொன்னாங்களே” என்று நான் வாதாடினேன், வாதத்தில் வென்றால் செய்தி மாறிவிடும் என்பதுபோல. குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தது.

தேவாலயத்தில் அவருக்கான மாதப் பூசையும் முடிந்த பிறகுதான் இதை எழுத முடிகிறது. அவரை அறிந்த நீங்கள் இந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகளின் உடம்பு சற்றுச் சுட்டாலும் இப்போது எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை.

அக்கா கற்பிட்டிக் கரையைச் சேர்ந்தவர். கணவர் ஜூட் அண்ணன் கடலுக்குப் போகிறவர். அவருடையதைப் போன்ற படகுகளில் பொருத்திய கருவிகள் வானொலி அலையில் அனுப்பும் பைட்டுகளைப் பிரித்து, எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று திரையில் புள்ளியாகக் காட்டுவது எங்கள் நிரல். யாரோ பல வருடங்களுக்கு முன் சி மொழியில் எழுதியது. அதை ரஸ்ட் மொழிக்கு மாற்றும் வேலை எங்கள் இருவருக்கும் வந்தது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழைய நிரலின் ஒவ்வொரு பகுதியையும் முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்வார். “நாலு பைட்டை எடு, முன்பின்னா மாத்து, பத்து லட்சத்தால பிரி, அகலாங்கு வரும்.” வடக்குத் தெற்கைச் சொல்லும் அகலாங்கும் கிழக்கு மேற்கைச் சொல்லும் நெட்டாங்கும் சேர்ந்ததுதான் ஒரு படகின் இடம். சொல்லி முடிக்க முடியாத இடத்தில் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுவார். “வாயால சொல்லேலாததைக் கையால எழுதாதீங்க புள்ள. விளங்காமலே மாத்தினா, பிழையையும் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்ப்பம்.”

அப்படித்தான் அந்த இடத்தில் நின்றார். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றில் தகவல் பாதியில் அறுந்து வந்தால் பழைய நிரல் அதைக் கவனிப்பதில்லை. மீதிக்கு, நினைவகத்தில் முன்பு வந்த படகின் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு படகின் அகலாங்கு, இன்னொன்றின் நெட்டாங்கு. புதிய மொழி இல்லாததை எடுக்க விடாது; என்ன செய்வது என்று நம்மிடமே கேட்கும். நான் குறைகிற இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பினேன். சோதித்துப் பார்த்தபோது, நெட்டாங்கு பூச்சியமாகி, ஜூட் அண்ணனின் படகு ஆபிரிக்காவில் நின்றது. “பாருங்க புள்ள, எனக்கு ஒரு சொல்லுகூடச் சொல்லாமப் போயிட்டாரு மனுசன்!” என்று மேசையில் தட்டிச் சிரித்தார்.

பழைய திரையில் படகுகள் அவ்வப்போது பாலாவி உப்பளத்தில் நிற்பதும் இதனால்தான் என்று அன்று விளங்கியது. கடலில் நின்ற படகுக்கு, உள்ளே உப்பங்கழிக் களப்பில் நின்ற படகின் நெட்டாங்கு ஒட்டியிருக்கிறது. “எண்ட படகு உப்பு ஏத்துதாம்” என்று படகுக்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. “தரையில காட்டினாச் சிரிப்பாங்க. கடலுக்குள்ளேயே பிழையாக் காட்டினா நம்பிடுவாங்களே.”

அறுந்து வந்த தகவலுக்குப் புள்ளி வேண்டாம், ‘இடம் தெரியவில்லை’ என்றே காட்ட வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஃபாரூக் நானா ஒப்பவில்லை.

“தெரியாண்டு காட்டுறதுக்கு எதுக்குக் கருவிண்டு படகுக்காரனுவள் கழட்டி வச்சிருவானுவள், ரொஷானி. அப்ப ஒண்டுமே வராது.”

“பிழையான இடத்துல தேடுற நேரம் ஒரு மனுசன் தண்ணிக்குள்ள கிடப்பான், நானா. அது எண்ட மனுசனாவும் இருக்கலாம்.”

எழுதி முடியுங்கள், பிறகு பார்ப்போம் என்றார் நானா. முடியுமுன் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

அந்தப் பகுதியை நான் தொடர முயன்றேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் சொல்ல வரவில்லை, கேட்க எதிரே ஆள் இல்லை; எழுதாமல் விட்டுவிட்டேன். பழையதிலாவது ‘தெரியவில்லை’ என்பதைச் சேர்க்கலாமா என்று நானாவிடம் இரண்டு தடவை கேட்டேன். “ஓடுறதை ஓட விடுங்க தங்கச்சி” என்றார். அவர் கெட்டவரில்லை. பழையதுதான் ஓடுகிறது.

ஜூட் அண்ணன் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார். போகுமுன் எனக்கு அழைத்தார். “பிள்ளையள் கேட்டா, நான் எங்க நிக்கிறன் எண்டு திரையைப் பார்த்துச் சொல்லுங்க தங்கச்சி.” ஓம், சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

போன கிழமை காற்றடித்த ஒரு நாள் அவருடைய மூத்த மகள் அழைத்தாள். “ஆன்ட்டி, அப்பா எங்க நிக்கிறாரு?” திரையில் புள்ளி இருந்தது. நடுக்கடலில், நம்பும்படியான இடத்தில். அதற்குச் சற்று முன்பிருந்தே தகவல்கள் அறுந்து அறுந்துதான் வந்துகொண்டிருந்தன.

“தெரியா மகள்” என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். பின்னேரம் படகு கரைக்கு வந்தது, அன்றைக்கு என்னவோ வந்துவிட்டது.

ரொஷானி அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அதைச் சொல்லிவிட்டு, அழும் பிள்ளையின் முன் எப்படி இருப்பது என்பதை அவர் சொல்லித் தரவில்லை.